வனாந்தரமா, பாலைநிலமா? ‘வில்டர்னஸ்’ என்ற சொல்லின் பொருளும் வேரும்

பொருநைக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். இயேசு சோதிக்கப்பட்ட பகுதியை வாசிக்கையில் எழுந்த ஐயம் ஒன்றை இங்கே வைக்கிறேன். 1871ஆம் ஆண்டு வெளிவந்த பழைய தமிழ்த் திருப்புதலில் (வேதாகம மொழிபெயர்ப்பில்), இயேசு ‘வனாந்தரத்திற்குக்’ கொண்டுபோகப்பட்டார் என்று இருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே இடம் ‘பாலைநிலம்’ ஆகிவிடுகிறது. ஆங்கில வேதாகமம் வைத்திருந்த ஒரு மாணவி, அங்கே ‘வில்டர்னஸ்’ என்று இருப்பதாகச் சொல்லி, அப்படியென்றால் அடர்ந்த காடுதானே என்று கேட்டாள்.

வனம் என்றால் மரங்கள் நினைவுக்கு வருகின்றன. பாலை என்றால் மணல் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே இடத்தைக் குறிக்க முடியுமா? மூலமொழிகளில் என்ன சொல் இருக்கிறது, அதன் பொருள் என்ன, ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். ‘வில்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து, அதாவது ‘தன் விருப்பப்படி இருக்கும் நிலம்’ என்ற பொருளில், ‘வில்டர்னஸ்’ பிறந்ததாக நண்பர் ஒருவர் சொன்னார். அது சரியா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

சுவடிக்கூடம் (பதில்)

ஐயா, உங்கள் மாணவியின் கேள்விக்கு எபிரேயத்திலிருந்து தொடங்கினால்தான் விடை தெளியும். பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் இவ்விடங்களில் வரும் சொல் ‘மிட்பார்’. இது த-ப-ர என்ற மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்கு அரமேயத்தில் ‘ஓட்டிச் செல்’, ‘நடத்திச் செல்’ என்ற பொருள் உண்டு. ஆகவே மிட்பார் என்பது முதற்பொருளில் மந்தையை ஓட்டிச் செல்லும் இடம், அதாவது உழப்படாத மேய்ச்சல் வெளி என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். ‘தாபார்’ (வார்த்தை) என்ற சொல்லும் இதே மெய்களால் ஆனது என்பதால், ‘தேவன் பேசும் இடமே மிட்பார்’ என்று பிரசங்கங்களில் விளக்குவார்கள். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அகராதிகள் பொதுவாக இவ்விரண்டையும் வெவ்வேறு வேர்களாகவே பிரித்து வைக்கின்றன.

இந்தப் பொருளை மனத்தில் கொண்டு வாசித்தால் வேதாகமத்தின் பல இடங்கள் தெளிவாகின்றன. மோசே தன் மாமனின் ஆடுகளை வனாந்தரத்தின் பின்புறத்திலே ஓட்டிக்கொண்டு ஓரேபுக்கு வருகிறார். தாவீதின் அண்ணன், ‘வனாந்தரத்திலுள்ள அந்தக் கொஞ்ச ஆடுகளை யாரிடத்தில் விட்டாய்?’ என்ற கருத்தில் தம்பியைக் கடிந்துகொள்கிறான். யோவேலின் 2ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தின் மேய்ச்சல்கள் தழைக்கின்றன. காணாமற்போன ஆட்டின் உவமையில் மேய்ப்பன் மீதி தொண்ணூற்றொன்பதையும் வனாந்தரத்திலே விட்டுச் செல்வதாக லூக்கா எழுதுகிறார். அது மணற்காடு என்று எண்ணிக்கொண்டால் அவன் பொறுப்பற்ற மேய்ப்பனாகத் தோன்றுவான். மந்தை வழக்கமாக மேயும் இடம் என்று அறிந்தால் அந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கும்.

மிட்பாரின் எல்லையை மிகத் துல்லியமாகச் சொல்லும் இடம் எரேமியா 2ஆம் அதிகாரத்தின் தொடக்கம் என்பது என் எண்ணம். அங்கே மிட்பாரும் ‘விதைக்கப்படாத தேசமும்’ அடுத்தடுத்து, ஒன்றையொன்று விளக்கும்படி வருகின்றன. மரம் உண்டா, மணல் உண்டா என்பதைக் காட்டிலும், அங்கே மனிதன் குடியிருந்து விதைத்து அறுக்கிறானா என்பதையே அந்தச் சொல் பார்க்கிறது. பாவநிவாரண நாளின் வெள்ளாட்டுக்கடா வனாந்தரத்திற்கு அனுப்பப்படும் பகுதியில், பழைய தமிழ்த் திருப்புதலே ‘குடியில்லாத தேசம்’ என்ற தொடரையும் அருகில் வைத்திருப்பதைக் கவனியுங்கள்.

நிலத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே 25 கிலோமீட்டர் அளவில் கிடக்கும் சாக்கடல், கடல்மட்டத்துக்கு 430 மீட்டர் கீழே இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மழைமேகம் மலைமுகட்டிலேயே பெருமளவு பெய்துவிடுவதால், எருசலேமில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, சரிவில் இறங்க இறங்கக் குறைந்து, சாக்கடல் கரையில் 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. இந்தச் சரிவுதான் யூதேயாவின் வனாந்தரம். சுண்ணாம்புப் பாறையும் வறண்ட ஓடைகளுமாகக் கிடக்கும் இந்நிலம் மணற்குன்றுகள் நிறைந்த வெளி அன்று. குளிர்கால மழைக்குப் பிறகு சில வாரங்கள் இதன் மேற்சரிவுகளில் புல் முளைக்கும்; ஆடுகள் வரும்; கோடை தொடங்கியதும் எல்லாம் காய்ந்துபோகும்.

கிரேக்கத்தில் இதற்கு ஈடாக ‘எரேமோஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள். ஆளற்ற, தனித்த, கைவிடப்பட்ட என்பன அதன் பொருள்கள். துறவியைக் குறிக்கும் ‘ஹெர்மிட்’ என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்து வந்ததே. மாற்கு 6ஆம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிரப்பட்ட இடம் எரேமோஸ் என்றே சொல்லப்படுகிறது. அதே இடத்தில் மக்கள் பசும்புல்லின்மேல் உட்கார வைக்கப்படுகிறார்கள். ‘பாலைநிலம்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் ஒரேபோல வைத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. லத்தீனில் ‘தேசெர்தும்’ என்றார்கள். அதுவும் ‘விட்டு நீங்கு’ என்ற வினையிலிருந்து வந்த சொல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்’ என்பது எல்லோருக்கும் மனப்பாடமான தொடர். ஆனால் ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் எபிரேய மரபில் நிறுத்தம் வேறிடத்தில் விழுகிறது: ஒரு குரல் கூப்பிடுகிறது, ‘வனாந்தரத்திலே கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்துங்கள்’ என்பது அந்தக் குரல் சொல்லும் செய்தி. கிரேக்க மொழிபெயர்ப்பில் வனாந்தரம் கூப்பிடுகிறவனோடு சேர்ந்துகொண்டது. நற்செய்தியாளர்கள் அதைப் பின்பற்றி யோவான் ஸ்நானனுக்குப் பொருத்தினார்கள். சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த பழைய யூதச் சுருள்களுள் ஒன்றான சமூக ஒழுங்குநூலோ, வழியை ஆயத்தப்படுத்த வனாந்தரத்துக்குப் போக வேண்டும் என்பதற்கே இந்த வசனத்தை மேற்கோள் காட்டுகிறது.

சொல்வேர் (பதில்)

மூலமொழிகளைப் பற்றி மேலே விரிவாகச் சொல்லப்பட்டுவிட்டதால், நான் ஆங்கிலச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன்.

‘வில்டர்னஸ்’ என்பதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் ‘வில்ட்’ என்றால் பழக்கப்படாத. ‘தேயோர்’ என்றால் விலங்கு. ‘நெஸ்’ என்பது பெயராக்கும் ஈறு. காட்டு விலங்குகள் திரியும் இடம் அல்லது நிலை என்பதே திரண்ட பொருள். ‘தேயோர்’ இன்றைய ஆங்கிலத்தில் ‘டியர்’ என்று சுருங்கி மானை மட்டும் குறிக்கிறது. அதன் உறவுச் சொல்லான ஜெர்மானிய ‘டீர்’ இன்றும் எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக நிற்கிறது. நம் பக்கத்திலும் இதே கதை உண்டு. வடமொழியில் ‘ம்ருக’ என்பது காட்டு விலங்குக்குப் பொதுவாகவும் மானுக்குச் சிறப்பாகவும் வழங்கியது. தமிழ் ‘மிருகம்’ பொதுப்பொருளைப் பிடித்துக்கொண்டது. ‘மிருகசீரிடம்’ என்ற நாள்மீன் பெயரில் மட்டும் மான் தங்கிவிட்டது.

உங்கள் நண்பர் சொன்ன ‘வில்’ விளக்கம் இயற்கைப் பாதுகாப்பு பற்றிய எழுத்துகளில் அடிக்கடி காணப்படுவது. யாருக்கும் கட்டுப்படாமல் தன் விருப்பப்படி இருக்கும் நிலம் என்ற கருத்து அந்த இயக்கத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் ‘வைல்ட்’ என்ற சொல்லுக்கும் விருப்பத்தைக் குறிக்கும் ‘வில்’ என்ற சொல்லுக்கும் உள்ள உறவு மெய்ப்பிக்கப்பட்டது அன்று. சொல்லின் உறுதியான பகுதி ‘காட்டு விலங்கு’ என்பது வரையில்தான்.

மாற்கு நற்செய்தியில் இதற்குப் பொருத்தமான ஒரு வரி இருக்கிறது. இயேசு நாற்பது நாள் வனாந்தரத்திலே இருந்தார் என்று சொல்லும் வசனம், அவர் அங்கே ‘காட்டுமிருகங்களின் நடுவிலே’ இருந்தார் என்றும் சொல்கிறது. மற்ற நற்செய்திகளில் இது இல்லை. கிரேக்கச் சொல்லில் விலங்கு இல்லை, எபிரேயச் சொல்லிலும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் வயிற்றுக்குள் மட்டும் அது தற்செயலாக உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கில வேதாகமங்களுக்குள்ளும் இது நேராக வந்து சேரவில்லை. 14ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து மொழிபெயர்த்த விக்கிளிஃப் குழுவினர் லத்தீனை ஒட்டி ‘டெசர்ட்’ என்ற சொல்லையே பெரும்பாலும் வைத்தார்கள். கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த டிண்டேல், 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் கூப்பிடுகிறவனின் குரலை ‘வில்டர்னஸ்’ என்ற இடத்தில் வைத்தார். 1611இன் அரசர் ஜேம்ஸ் பதிப்பு அதை நிலைநிறுத்திவிட்டது. அக்காலத்தில் ‘டெசர்ட்’ என்றாலும் ஆளற்ற இடம் என்றுதான் பொருள். ‘டெசர்ட் ஐலண்ட்’ என்ற தொடரில் அந்தப் பழம்பொருள் இன்னும் பிழைத்திருப்பதால்தான், தென்னையும் ஊற்றும் உள்ள தீவையும் அப்படி அழைக்கிறார்கள்.

மாணவிக்கு ‘அடர்ந்த காடு’ என்ற பொருள் எங்கிருந்து கிடைத்தது என்பது அடுத்த கட்டம். 1620இல் வட அமெரிக்காவின் பிளிமத்தில் இறங்கிய ஆங்கிலேயர்கள் தங்களைப் புதிய இஸ்ரவேலராகவும், எதிரே நின்ற காட்டை மோசே காலத்து வனாந்தரமாகவும் பார்த்தார்கள். அவர்களுடைய ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு, அச்சமூட்டும் பாழ்வெளி என்ற பொருளில் அந்த நிலத்தை இச்சொல்லாலேயே எழுதிவைத்தார். சுண்ணாம்புப் பாறைச் சரிவுக்கு உரிய வேதாகமச் சொல் இப்படித்தான் ஓக்கும் பைனும் நிறைந்த வட அமெரிக்கக் காட்டின்மேல் ஏறிக்கொண்டது. பின்னர் அதே சொல் அச்சத்தைக் கைவிட்டுப் போற்றுதலை ஏற்றது. 1964 செப்டம்பர் 3ஆம் நாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டம், மனிதன் வந்து செல்பவனாக மட்டும் இருந்து தங்காமல் போகும் நிலம் என்று அதற்கு இலக்கணம் வகுத்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 91 லட்சம் ஏக்கரை அடக்கிய அந்த வகைப்பாடு, இன்று 11 கோடி ஏக்கரைத் தாண்டி நிற்கிறது.

அந்த இலக்கணத்தின் குறையையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானீச்சி என்ற பூர்வகுடி மக்கள்மீது 1851இல் ஆயுதப்படை ஏவப்பட்டு, அவர்கள் ஊர்கள் எரிக்கப்பட்டன. பிறகு அந்தப் பள்ளத்தாக்கே மனிதக் கை படாத இயற்கைக்கு எடுத்துக்காட்டாகப் படம் பிடிக்கப்பட்டது. லக்கோட்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த லூதர் ஸ்டாண்டிங் பேர் 1933இல், வெள்ளையருக்கு மட்டுமே இந்நிலம் ‘வில்டர்னஸ்’ ஆகத் தெரிந்தது, எங்களுக்கு அது பழகிய நிலம் என்ற கருத்தில் எழுதினார்.

கரிசல்மண் (பதில்)

இரு அறிஞர்களுக்கும் நன்றி. தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பைச் சொல்ல விரும்புகிறேன். வனம் என்றால் மரம், பாலை என்றால் மணல் என்று கேள்வியிலேயே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். இரண்டுமே நம் காலத்துப் பள்ளிப் புத்தகங்கள் பழக்கிய பொருள்கள்.

‘காடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் பருத்தியோ உளுந்தோ கம்போ விளையும் மானாவாரி நிலத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருள்; அங்கே நிழலுக்கு ஒரு வேம்பு நின்றால் பெரிது. கொங்கு நாட்டில் மழையை நம்பிய நிலம் காடு, கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், வாய்க்கால் பாய்வது வயல். சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் மரம் கட்டாயமில்லை. ‘காடு முன்னினரே நாடு கொண்டோரும்’ என்று புறநானூறு சொல்லும்போது, நாட்டை ஆண்டவர்களும் போய்ச் சேர்ந்த இடம் அந்தக் காடுதான். ‘காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்று பட்டினப்பாலை கரிகாலனைப் பாடுகிறது. ‘நாடா கொன்றோ, காடா கொன்றோ’ என்று ஔவையார் நிலத்தைப் பார்த்துக் கேட்கிறார். இங்கெல்லாம் காடு நிற்பது நாட்டுக்கு எதிராக. மக்கள் கூடி வாழ்ந்து ஆட்சிக்கும் உழவுக்கும் உட்பட்ட நிலம் நாடு. அதற்கு வெளியே இருப்பது காடு. எரேமியாவின் ‘விதைக்கப்படாத தேசம்’ என்று மேலே படித்தபோது எனக்கு இந்த இணைதான் நினைவுக்கு வந்தது. (எங்கள் கரிசல் காட்டில் விதைக்கிறோமே என்று கேட்பீர்கள். ஊருக்கு வெளியே திருத்திய புன்செய், உழுத பிறகும் பழைய பெயரை விடவில்லை என்று நினைக்கிறேன்.)

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். தொல்காப்பியம் முல்லையை ‘மாயோன் மேய காடுறை உலகம்’ என்கிறது. அந்தக் காட்டின் மக்கள் ஆயர். அவர்கள் தொழில் மந்தை மேய்த்தல். புன்செயில் வரகும் சாமையும். மந்தையை ஓட்டிச் செல்லும் வெளி என்று மிட்பாருக்குச் சுவடிக்கூடம் தந்த வேர்ப்பொருளுக்கு, ஐந்திணையில் நேர் எதிரே வந்து நிற்பது இந்த முல்லைக்காடே.

அப்படியென்றால் பாலை தவறா? அங்கேதான் சிலப்பதிகாரம் உதவுகிறது. மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனிடம் மாங்காட்டு மறையோன், வேனிலில் நிலம் படும் பாட்டைச் சொல்கிறான்:

முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்

பாலை என்பது தனி நிலமாக இங்கே சொல்லப்படவில்லை. முல்லைக்காடே மழை பொய்த்த பருவத்தில் எடுக்கும் வடிவம் அது. இந்தப் பகுதி வரும் காதையின் பெயர் ‘காடுகாண் காதை’ என்பதையும் பாருங்கள். காடும் பாலையும் அங்கே ஒரே வழியில்தான் கிடக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் புல் முளைத்து மந்தை வந்து, சித்திரையில் பாறை மட்டும் எஞ்சும் யூதேயாச் சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை வேறு மொழியில் தேட வேண்டியதில்லை. 1995 மொழிபெயர்ப்பாளர்கள் ‘பாலைவனம்’ என்று எழுதாமல் ‘பாலைநிலம்’ என்று எழுதியதில், மணல்வெளியைத் தவிர்த்துத் திணைமரபைத் தொடும் எண்ணம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. படிப்பவர்களுக்கு அந்தத் திணைமரபு மறந்துபோனால் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்!

பொருநைக்கரையான்

மூவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. காடும் பாலையும் இவ்வளவு பொருத்தமாகத் தமிழிலேயே இருக்கும்போது, பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ‘வனாந்தரம்’ என்ற வடசொல்லை ஏன் தேர்ந்தார்கள்? அதில் வனம் வெளிப்படையாகவே இருக்கிறதே. பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

சொல்வேர்

வனம் இருந்தால் மரம் இருந்தாக வேண்டும் என்றால், நீங்கள் முதலில் ‘பாலைவனம்’ என்ற சொல்லைத்தான் விசாரிக்க வேண்டும்!

வனாந்தரம் என்பது வனம், அந்தரம் என்ற இரண்டின் சேர்க்கை; அந்தரம் என்பதற்கு உள்ளிடம், இடைவெளி என்று பொருள் உண்டு. வடமொழியிலும் காட்டுச் சொற்கள் எல்லாம் மரத்தையே குறிப்பதில்லை. ‘அரண்யம்’ என்பது ‘அயலான’, ‘தொலைவான’ என்று பொருள்படும் ‘அரண’ என்ற சொல்லோடு தொடர்புடையது; வேத இலக்கியத்தில் அது கிராமத்துக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறது, நம் காடும் நாடும் போல. ‘ஜாங்கலம்’ இன்னும் வியப்பானது. ஆயுர்வேத நூல்களில் அது நீர் குறைந்து, மரம் அருகி, காற்று வறண்டு கிடக்கும் நிலத்தின் பெயர். சதுப்பான ‘ஆனூபம்’ அதன் எதிர்வகை. அந்தச் சொல்லின் வழிவந்த இந்திச் சொல்லை 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டு ‘ஜங்கிள்’ ஆக்கினார்கள்; இன்று அது மழையும் கொடியும் பின்னிக் கிடக்கும் காட்டைக் காட்டுகிறது. வறண்ட நிலத்தின் பெயர் ஈரக்காட்டுக்குப் போய்விட்டது.

மொழிபெயர்ப்பாளர்களின் காரணத்தைப் பொறுத்தவரை நான் சொல்லக்கூடியது ஊகமே. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் வேதாகமத்தின் சமய நடை பொதுவாகவே வடசொல் மிகுந்தது: பரிசுத்தம், பிரசன்னம், தீர்க்கதரிசி ஆகியவை போல. அதோடு, ஊரைவிட்டு நீங்கிச் சோதனைக்கு உள்ளாகும் இடம் என்றால் இராமனின் பதினான்கு ஆண்டும் பாண்டவரின் பன்னிரண்டு ஆண்டும் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு வனமே இயல்பாகப் பட்டிருக்கும். ஏசாயாவில் ‘மிட்பார்’, ‘அரபா’ என்ற இரண்டு எபிரேயச் சொற்கள் இணையாக வருமிடத்தில், பழைய திருப்புதல் வனாந்தரம், அவாந்தரவெளி என்று இரண்டு வெவ்வேறு சொற்களைத் தந்திருப்பதையும் பாராட்ட வேண்டும். ஓசையிலும் அவை நன்றாக இணைகின்றன.

மலையகவாசகி (பதில்)

இலங்கையின் ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ‘வில்டர்னஸ்’ என்ற சொல் அரசு ஆவணத்திலேயே இருக்கிறது. சிவனொளிபாதமலையைச் சூழ்ந்துள்ள சரணாலயத்தின் ஆங்கிலப் பெயர் ‘பீக் வில்டர்னஸ்’. சிங்களத்தில் அதைச் ‘சமனல அடவிய’ என்பார்கள். அடவி என்ற சொல் தமிழிலும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

சொல்வேர் ஐயா எடுத்துக்காட்டிய அமெரிக்க இலக்கணத்தை இங்கே வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மனிதன் தங்காத இடம் என்பது சரி. ஆனால் டிசம்பரிலிருந்து மே வரை, உச்சியில் உள்ள பாதத்தைத் தரிசிக்க இந்த ‘வில்டர்னஸ்’ வழியாக இரவு முழுவதும் பெருங்கூட்டமாக மக்கள் ஏறுகிறார்கள். அடிவாரத்தில் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும், 1869இல் இலைத்துரு நோய் கண்டு கோப்பி அழிந்த பின் தேயிலைக்குமாக இம்மலைகளின் காட்டை வெட்டித் திறந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர். அவர்களுடைய உழைப்பால் திறக்கப்படாமல் எஞ்சிய மேட்டுக்குத்தான் பிறகு அந்த அழகிய ஆங்கிலப் பெயர் கிடைத்தது. கரிசல்மண் ஐயா, கரிகாலன் காடு கொன்று நாடாக்கிய பாட்டைப் படிக்கும்போது, கொன்றவன் கையில் இருந்த கோடரியை யார் பிடித்தார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

சுவடிக்கூடம்

கரிசல்மண் அவர்களின் முல்லை விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் மிட்பார் எல்லாவற்றையும் முல்லையில் அடக்கிவிட முடியாது. உபாகமம் 8ஆம் அதிகாரம், கொள்ளிவாய்ச் சர்ப்பங்களும் தேள்களும் தண்ணீரற்ற வறட்சியும் உள்ள பயங்கரமான பெரிய வனாந்தரத்தைப் பேசுகிறது. அது சீனாய்த் தீபகற்பத்தின் பாறை வெளி. யூதேயாவின் மேற்சரிவு மேய்ச்சலோடு அதை ஒன்றாகக் கருத முடியாது. அங்கே முல்லையைச் சொன்னால் நாற்பது ஆண்டு அலைச்சலின் கொடுமை போய்விடும். மந்தை வருமிடத்தில் காடு, தாகம் வருமிடத்தில் பாலை என்று வசனத்துக்கு வசனம் பிரித்து மொழிபெயர்த்தால் பொருள் தெளியும். ஆனால் ஒரே எபிரேயச் சொல் நூல் முழுதும் ஓடுகிறது என்பதை வாசகர் அறிய வழியில்லாமல் போகும். எண்ணாகமத்துக்கு எபிரேயப் பெயரே ‘பெமிட்பார்’, அதாவது ‘வனாந்தரத்தில்’ என்பதுதான். அதில் வரும் மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கிரேக்கர் ‘எண்கள்’ என்று பெயர் மாற்ற, நாமும் அதைப் பின்பற்றினோம்.

கரிசல்மண்

ஏற்கிறேன். உபாகமத்தின் அந்த இடத்துக்குச் சங்க இலக்கியத்திலிருந்து சொல் தேடினால் ‘சுரம்’ கிடைக்கும். பாலைப் பாட்டில் தலைவன் பொருள் தேடிக் கடக்கும் நீரற்ற கொடிய வழி ‘அருஞ்சுரம்’. மலையாளத்தில் இன்றும் தாமரசேரிச் சுரம் என்று மலைக்கணவாய்க்கு அந்தச் சொல் வழங்குகிறது. தமிழ்ப் பிள்ளைகளிடம் சுரம் என்றால் காய்ச்சலா, சங்கீதமா என்று கேட்பார்கள், ஆகையால் வகுப்புக்கு உதவாது.

மலையகவாசகி அம்மா கேட்ட கேள்விக்குப் பட்டினப்பாலையில் விடை இல்லை. அந்த அடிகளில் கரிகாலன் மட்டும்தான் எழுவாய்.

பொருநைக்கரையான்

வகுப்பில் ‘வனாந்தரம்’ என்றே தொடர்ந்து வாசிப்போம். ஆலயத்தில் பிள்ளைகள் கேட்பதும் மனப்பாடம் செய்வதும் அதைத்தான். விளக்கம் சொல்லும்போது ‘குடியில்லாத தேசம்’ என்ற தொடரை அருகில் வைத்துக்கொள்கிறேன். மாற்கு 6ஆம் அதிகாரத்தையும் லூக்கா 15ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லி, புல் எங்கே, ஆடு எங்கே என்று அவர்களையே கண்டுபிடிக்கவிடலாம் என்றிருக்கிறேன். யூதேயாச் சரிவின் மழைக்கால, கோடைக்காலப் படங்கள் பக்கம்பக்கமாக யாரிடமாவது இருந்தால் இங்கே பகிர வேண்டுகிறேன்.